நாலு விமானம், ஒரே மேகம்: 2009 ஜூன் 1 ராத்திரி அட்லாண்டிக் மேல இருந்த ஐஸ் மேகத்தைப் பத்தி

அன்னிக்கு அட்லாண்டிக்ல விழுந்த ஏர் பிரான்ஸ் 447ன்னு ஆரம்பிச்சாலே பேச்சு நேரா காக்பிட்டுக்குள்ள போயிடும். துணை பைலட் ஏன் ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்தாரு, கேப்டன் ஏன் அந்த நேரம் பார்த்து ஓய்வுக்குப் போனாரு, ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கறது) வார்னிங் அத்தனை தடவை கத்தியும் ஏன் யாரும் கண்டுக்கல, இதையெல்லாம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல அலசித் துவைச்சு காயப்போட்டாச்சு, அதுல நான் புதுசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நான் பேச வந்தது அந்த மேகத்தைப் பத்தி. ஏன்னா அன்னிக்கு ராத்திரி அந்த வழியில அந்த மேகக் கூட்டத்தைத் தாண்டினது ஒரு விமானம் இல்ல, நாலு. ஒரு மணி நேரத்துக்குள்ள நாலும் போச்சு. மூணு பத்திரமா ஐரோப்பா போய் இறங்குச்சு. சரி, அது ஏதோ அசுர மேகமா இருந்திருக்கும்னு நினைச்சா அதுவும் இல்ல, அந்தக் கடல் மேல அந்த சீசன்ல எப்பவும் கட்டுற வழக்கமான மேகம்தான். எனக்கு இந்தக் கேஸ்ல ரொம்ப உறுத்துறது இதுதான்.

முதல்ல விவரம். ஏர்பஸ் ஏ330-203, ரியோ டி ஜெனிரோல இருந்து பாரிஸ். 216 பயணிகள், 12 ஊழியர்கள், மொத்தம் 228 பேர். மே 31 ராத்திரி 22:29 யூடிசிக்குக் கிளம்புச்சு (யூடிசின்னா உலகப் பொது நேரம், இதுக்குக் கீழ வர்ற நேரம் எல்லாமே அதுதான், மேகம் இருந்த இடத்துல சம்பவ நேரம் ஏறக்குறைய நடுராத்திரி). 2:10:05க்கு ஆட்டோபைலட் தானா கழண்டுச்சு. 2:14:28க்கு கடல். யாரும் பிழைக்கல.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் விசாரணை பண்ணவங்க கைல இருந்தது மிதந்து வந்த துண்டுகளும், விமானம் கடைசி சில நிமிஷத்துல தானா அனுப்பின 24 பராமரிப்பு மெசேஜும்தான். அந்த ரெண்டு வருஷத்துல வராத கதை இல்ல, மின்னல் அடிச்சு எரிஞ்சதுன்னாங்க, மேகம் விமானத்தைப் பிச்சுப் போட்டதுன்னாங்க. 2011 ஏப்ரல்ல 3,900 மீட்டர் ஆழத்துல உடைசல் கிடைச்சுது, மே முதல் ரெண்டு நாள்ல ரெண்டு ரெக்கார்டரும் மேல வந்துச்சு, ரெண்டும் அவ்ளோ நாள் தண்ணிக்குள்ள கிடந்தும் படிக்க முடிஞ்சுது. பிரான்ஸோட விசாரணை அமைப்பு பிஇஏ கடைசி அறிக்கையை 2012 ஜூலை 5 அன்னிக்கு வெளியிட்டுச்சு. விமானம் முழுசா, உடையாமதான் கடலுக்கு வந்திருக்கு. மேகம் எதையும் பிச்சுப் போடல. குலுக்கலும் பெருசா இல்ல, லேசான டர்புலன்ஸ்னுதான் டேட்டா காட்டுது.

மேகம் எப்படி இருந்துச்சு

வடக்குல இருந்து வர்ற வியாபாரக் காத்தும் தெற்குல இருந்து வர்றதும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல முட்டிக்கற பட்டை இருக்கே, ஐடிசிஇசட்னு சொல்லுவாங்க, அட்லாண்டிக்ல ரியோ–பாரிஸ் மாதிரி தெற்கு வடக்கா போற விமானம் எல்லாம் அதைக் குறுக்கே வெட்டித்தான் ஆகணும். (நம்ம பக்கம் இதே பட்டை மேல ஏறி வர்றப்போதான் தென்மேற்குப் பருவமழை.) அன்னிக்கு அந்தப் பட்டையில நாலு சின்ன மேகக் கூட்டம் தனித்தனியா கிளம்பி ஒண்ணா கலந்து, கிழக்கு மேற்கா கிட்டத்தட்ட 400 கிலோமீட்டருக்கு ஒரே கூட்டமா நின்னுச்சு. விமானம் கடைசியா தன் இடத்தை அனுப்பினது 2:10க்கு, வட அட்சம் 3 டிகிரிக்கு ஒட்டி.

மீட்டியோசாட்-9 சாட்டிலைட் 15 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும், அதனால 2:00 படமும் 2:15 படமும் சம்பவத்தை ரெண்டு பக்கமும் அணைச்ச மாதிரி இருக்கு. இன்ஃப்ராரெட் படத்தை வெச்சு பிஇஏ சொன்னதோட சாரம்: இது அசாதாரணமான வேகம் உள்ள கூட்டம்னு சொல்ல ஆதாரம் இல்ல, 2 மணி வாக்குல இதுல இருந்த பெரும்பாலான கோபுர மேகங்கள் முதிர்ந்து முடிஞ்ச நிலையில இருந்திருக்கும், ஆனாலும் சில கோபுரம் 35 ஆயிரம் அடியில கணிசமான டர்புலன்ஸ் தர்ற அளவுக்கு உயிரோட இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் இன்னொண்ணு, அந்த உயரத்துல உறையாத தண்ணி இருந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, இருந்தாலும் கொஞ்சம்தான் இருந்திருக்கும். வெளிய மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கம். சுத்தமான நீர்த்துளி கூட மைனஸ் 38க்குக் கீழ போனா எந்தத் தூசியோட உதவியும் இல்லாம தானா உறைஞ்சுடும், அதனால மேல இருந்தது பூராவும் ஐஸ்தான்னு வெச்சுக்கலாம்.

முதிர்ந்த மேகம்னு சொன்னதை லேசா தாண்டிப் போயிடாதீங்க.

ஒரு கோபுர மேகம் மேல ஏத்துற காத்தோட உயிர் அரை மணி, முக்கா மணி. அது ஓயறப்போ குலுக்கலும் ஓயும், டர்புலன்ஸ்ங்கறது பெரிய சுழல் சின்ன சுழலா உடைஞ்சு உடைஞ்சு கடைசில வெப்பமா தீர்ந்து போற சமாச்சாரம், மேல இருந்து சப்ளை நின்னுச்சுன்னா நிமிஷக் கணக்குல அடங்கிடும். ஆனா அந்தக் காத்து கீழ இருந்து தூக்கிட்டு வந்து மேல கொட்டின தண்ணி எங்க போகும்? ஐஸ் துகளா அங்கேயே நிக்கும். பொடித் துகள், செகண்டுக்கு முப்பது நாப்பது சென்டிமீட்டர்தான் இறங்கும், ஒரு கிலோமீட்டர் இறங்கவே முக்கா மணி நேரம் ஆகும். ஆக, குலுக்கல் சீக்கிரம் செத்துடுது, ஐஸ் ரொம்ப நேரம் தங்குது, ரெண்டும் ஒரே இடத்துல பிறந்தாலும் ஆயுசு வேற வேற. பைலட்டோ உடம்புக்குத் தெரியற குலுக்கலை வெச்சுத்தான் மேகம் எவ்ளோ மோசம்னு எடை போடறாரு. அமைதியா இருக்கற பகுதியில ஐஸ் கம்மியா இருக்கும்னு நினைக்கறது இயல்பு, ஆனா அப்படி ஒரு கணக்கு மேகத்துக்குள்ள கிடையாது.

இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸ் வேணும்னா 2024 மே 21 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321. லண்டன்–சிங்கப்பூர், போயிங் 777, மியான்மர் மேல 37 ஆயிரம் அடி. கீழ இருந்து அப்போதான் மேகம் வளர்ந்து வந்துட்டு இருந்த இடத்து மேல போயிருக்கலாம்னு சிங்கப்பூர் விசாரணைக்காரங்க முதல் அறிக்கையில சொன்னாங்க. 4.6 செகண்ட்ல 178 அடி கீழ போச்சு, பெல்ட் போடாதவங்க கூரையில மோதினாங்க, ஒரு பயணி இறந்துட்டாரு. அங்க பிரச்சினை குலுக்கல், ஐஸ் இல்ல. இளம் மேகம் உதைக்கும், கிழ மேகம் சத்தம் போடாம அடைக்கும்னு சொல்லலாம்.

மத்த மூணு பேர் என்ன பார்த்தாங்க

இந்த அறிக்கையிலயே எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், ஆனா அதிகமா யாரும் எடுத்துப் பேசறதில்ல.

முன்னாடி போனது லுஃப்தான்சா 507. ஏர் பிரான்ஸுக்கு 20 நிமிஷம் முன்னால, அதே 35 ஆயிரம் அடி. மேகத்தோட மேல் விளிம்பை உரசிக்கிட்டே போய், ஒராரோங்கற வழிப்புள்ளி பக்கம் மேகத்துக்குள்ளயே நுழைஞ்சுது. ரேடார்ல பச்சை எக்கோ தெரிஞ்சுது (திரும்பி வர்ற அலை பலவீனமா இருந்தா பச்சை, பலமாக பலமாக மஞ்சள், சிவப்பு), மேற்கே ஒரு பத்து கடல் மைல் ஒதுங்கினாங்க. அந்தப் பகுதியைத் தாண்ட கால் மணி நேரம், நடுத்தர டர்புலன்ஸ், வேகத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. மின்னல் ஒண்ணும் பார்க்கல. ஆனா இடது பக்கக் கண்ணாடியில செயின்ட் எல்மோ நெருப்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. இது நிஜ நெருப்பு இல்ல, ஐஸ் துகள் வந்து உரசி உரசி விமானத்து உடம்புல மின்னேற்றம் சேர்ந்து ஊதா வெளிச்சமா கசியறது. ரேடார் வெறும் பச்சைதான் காட்டுது, ஆனா கண்ணாடி இங்க ஐஸ் நிறைய இருக்குன்னு சொல்லுது.

அடுத்து ஏர் பிரான்ஸ் 447.

அதுக்கு 12 நிமிஷம் பின்னால ஐபீரியா 6024, 37 ஆயிரம் அடியில. ரியோவுல ஓடுபாதைக்குப் போயிட்டு இருந்தப்போ 447 மேல ஏறினதைக் கண்ணால பார்த்தவங்க இவங்க. வழியில பெருசா வளர்ந்த மேகங்களைப் பார்த்துட்டு கிழக்கே ஒரு 30 கடல் மைல் விலகினாங்க, டாசில் வழிப்புள்ளி பக்கத்துல தெளிஞ்ச வானத்துல திரும்பி வழிக்கு வந்துட்டாங்க.

கடைசியா ஏர் பிரான்ஸ் 459, சாவோ பாலோவுல இருந்து, 37 நிமிஷம் பின்னால. இவங்க கதையைத்தான் நிதானமா சொல்லணும். வானம் தெளிவு, பின்னாடி இடது பக்கம் அரை நிலா, ஆனா அந்த வெளிச்சத்துல மேகத்தோட ஓரம் தெளிவா தெரியல. பிரேசில் கரையில நடால் பக்கம் வர்றப்போ ஒரு மேகத்தோட தலைக்குள்ள புகுந்து குலுங்கிட்டாங்க, ரேடார் அதைக் காட்டவே இல்ல. உடனே ரேடாரோட கெயினை, அதாவது பலவீனமான எக்கோவையும் பெருக்கிக் காட்டற அளவை, மேக்ஸ்ல வெச்சாங்க. 2 மணி வாக்குல முதல் எக்கோ வந்துச்சு, அதை சாதாரண அளவுல வெச்சுப் பார்த்தா ஒரு மாதிரி, மேக்ஸ்ல வெச்சுப் பார்த்தா வேற மாதிரி. முதல்ல இடது பக்கம் 20 கடல் மைல் ஒதுங்கினாங்க, ஒதுங்கிட்டு இருக்கறப்போதான் 150 கடல் மைல் நீளத்துக்கு ஒரு வரிசை மேகம் நிக்கறது தெரிஞ்சுது. சாதாரண கெயின்ல பச்சையும் மஞ்சளுமா இருந்தது, மேக்ஸ்ல மஞ்சளும் சிவப்புமா தெரிஞ்சுது. மின்னல் இவங்களும் பார்க்கல. அப்படியே கிழக்கே திரும்பி போட்ட பாதையை விட்டு 70, 80 கடல் மைல் தள்ளி சுத்திப் போனாங்க. கண்ட்ரோல்ல இருந்து சீக்கிரம் வழிக்குத் திரும்புங்கன்னு வேற சொன்னாங்க.

மேற்கே 10, கிழக்கே 30, கிழக்கே 80. ஒரே மேகம்தான், மூணு பேருக்கு மூணு அளவு ஒதுங்கல். 447 ஓரளவு ஒதுங்கத்தான் செஞ்சுது, 2:08 வாக்குல பக்கத்து சீட்டுல இருந்த துணை பைலட் ரேடார் சாதாரண கெயின்ல இருக்கறதைக் கவனிச்சு மேக்ஸ்ல போட்டாரு, கொஞ்சம் இடது பக்கம் போலாமேன்னாரு, 12 டிகிரி திருப்பினாங்க. அதுக்குள்ள ரொம்பக் கிட்ட வந்தாச்சு. அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் கேபின் ஊழியர்களைக் கூப்பிட்டு இன்னும் ரெண்டு நிமிஷத்துல கொஞ்சம் ஆடும், பார்த்துக்குங்கன்னு சொல்லியிருந்தாங்க, வேகத்தை மாக் 0.82ல (ஒலியோட வேகத்துல 82 சதவீதம்) இருந்து 0.80க்குக் குறைச்சாங்க. அவங்க தயாரானது பூராவும் ஆட்டத்துக்கு. வந்தது ஆட்டம் இல்ல.

மின்னல் ஏன் இல்லன்னு ஒரு கேள்வி வரும். கடல் மேல எழும்பற காத்து நிலத்து மேல எழும்பறதை விட மெதுவு, உறையாத தண்ணியும் கனமான ஐஸ் உருண்டையும் ஒண்ணோட ஒண்ணு முட்டற நடு உயரத்துல போதுமான அளவு தூக்கிட்டுப் போகாது, அங்கதான் மின்னேற்றம் பிரியணும். அதனால ஐஸ் டன் கணக்குல இருந்தும் மேகம் இருட்டா, ஊமையா இருக்கும்.

ரேடார் ஏன் ஏமாத்துச்சு

ஏமாத்துச்சுன்னு சொல்றது கூட தப்பு, அது தன் வேலையைத்தான் பார்த்துச்சு. விமானத்து மூக்குல இருக்கற வானிலை ரேடார் மழைத்துளியைப் பார்க்கறதுக்காகப் பண்ணது. ஒரு துகள் திருப்பி அனுப்பற எக்கோ அதோட விட்டத்தோட ஆறாவது அடுக்குல ஏறும். 1 மில்லிமீட்டர் துகள் ஒண்ணு குடுக்கற எக்கோவை 0.1 மில்லிமீட்டர் துகள்களால குடுக்கணும்னா பத்து லட்சம் வேணும். எடையோ மூணாவது அடுக்குதான், அந்தப் பத்து லட்சமும் சேர்ந்தா ஒத்தைப் பெரிய துகளை விட ஆயிரம் மடங்கு எடை. திரையில ரெண்டும் ஒரே கலர்! இதுக்கு மேல ஐஸ் தண்ணியை விட அஞ்சுல ஒரு பங்குதான் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். ஆக மேகத்துல பொடி ஐஸ் எவ்ளோ அடைஞ்சு கிடந்தாலும் விமானம் பறக்கற உயரத்துல பார்த்தா பச்சை, சில சமயம் ஒண்ணுமே இல்ல.

வழி என்னன்னா அலையைக் கீழ சாய்ச்சு, ஐஸ் உருகி மழையா இருக்கற உயரத்தைப் பார்க்கறது, வெப்பமண்டலத்துல அது 16 ஆயிரம் அடிக்குக் கீழ. கீழ சிவப்பா இருந்து மேல ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்தா, மேல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல. ஆனா இதுலயும் ஒரு சிக்கல், அலையோட அகலம் மூணரை டிகிரி கிட்ட, 80 கடல் மைல் தூரத்துல அது 28 ஆயிரம் அடி உயரத்தை ஒண்ணா சேர்த்து ஒரே புள்ளியா காட்டும். மேகத்துக்குள்ள ரெண்டு மூணு கிலோமீட்டர் அகலத்துல அடர்த்தியான திட்டு, பக்கத்துல காலி, திரும்ப திட்டுன்னு இருக்கறதை எல்லாம் அந்த தூரத்துல இருந்து பிரிச்சுப் பார்க்க வழியே இல்ல, கிட்ட வந்தாத்தான் தெரியும், கிட்ட வந்துட்டா திரும்ப நேரம் இருக்காது.

பிடோ குழாய் முன்னாடி ஒரு நிமிஷம்

2:10க்குக் கொஞ்சம் முன்னாடி காக்பிட் ரெக்கார்டர்ல பின்னணி சத்தம் மாறுது, ஐஸ் துகள் அடிக்கற சத்தம். தகரத்து மேல ரவையைக் கொட்டின மாதிரின்னு நினைச்சுக்குங்க. ஒரு வாசனை வருதுன்னு பேசிக்கறாங்க, அது ஓசோன்னு பக்கத்து சீட்காரர் விளக்கறாரு. இறக்கையிலயோ கண்ணாடியிலயோ பனி ஒட்டியிருக்காது, ஏன்னா காஞ்ச ஐஸ் துகள் குளிர்ந்த உலோகத்துல பட்டா தெறிச்சு ஓடிடும். ஒட்டணும்னா முதல்ல சூடான எதையாவது தொட்டு உருகணும். விமானத்துக்கு வெளிய காத்தைப் பார்த்து வாயைத் திறந்துட்டு சூடா இருக்கற பொருள் எது? பிடோ குழாய்தான், வேகத்தை அளக்கறது, உறையாம இருக்கறதுக்காக ஹீட்டர் வெச்சது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாக் 0.82ன்னா அந்தக் குளிர்ல செகண்டுக்கு 250 மீட்டர். கன மீட்டருக்கு 1 கிராம் ஐஸ் இருக்கற மேகத்துல போனா, 1 சதுர சென்டிமீட்டர் முகத்துல செகண்டுக்கு 0.025 கிராம் வந்து மோதும், நிமிஷத்துக்கு ஒன்றரை கிராம். விரல் மொத்தக் குழாய்க்குள்ள அது போய் உருகி, தண்ணியா மாறி, அடியில இருக்கற சின்ன ஓட்டை வழியா வடியணும், அதுவும் வெளிய மைனஸ் 40ல. ஹீட்டரால தாங்கற அளவு வரைக்கும் வடியும், அதுக்கு மேல வந்தா கஞ்சி மாதிரி சேர்ந்து வாய் அடைக்கும். வாய் அடைச்சு வடிகால் மட்டும் திறந்திருந்தா உள்ள இருக்கற அழுத்தம் வெளிக்காத்து அழுத்தத்துக்கு இறங்கிடும், அதாவது விமானம் கிட்டத்தட்ட நிக்கற மாதிரி கருவி சொல்லும். அப்படித்தான் இடது திரையில 275 நாட் இருந்தது சட்டுன்னு 60 நாட் கிட்ட விழுந்துச்சு. கூடவே வேகத்தை வெச்சுத் திருத்தம் பண்ற உயரக் கணக்கும் கெட்டு, விமானம் இறங்காமலே 300 அடிக்கு மேல இறங்கின மாதிரி காட்டுச்சு. இந்த சின்ன விஷயம்தான் ஸ்டிக்கை ஏன் இழுத்தாருங்கற கேள்விக்கு ஒரு பாதிப் பதில்னு நான் நினைக்கறேன், மீதிப் பாதிக்கு இந்த உயரத்துல இந்த நிலைமைக்கு அவங்களுக்குப் பயிற்சியே குடுக்கலங்கறதையும் சேர்த்துக்கணும்.

இப்போ இந்த மூணு நம்பரைப் பாருங்க. இடது திரையில வேகம் தப்பா இருந்தது 29 செகண்ட். நடுவுல இருக்கற மாற்றுக் கருவியில 54 செகண்ட். வலது திரையில 61 செகண்ட். மூணு குழாயும் ஒரே மூக்குல சில மீட்டர் இடைவெளியில இருக்கு, ஒரே மேகத்துல ஒரே வேகத்துல போகுது, அப்பவும் ஒண்ணு அரை நிமிஷத்துல தெளிஞ்சுது, இன்னொண்ணுக்கு இரட்டை நேரம் ஆச்சு. குழாய் வெச்ச இடத்துல காத்து எப்படி வளையுது, துகள் எந்த சைஸ்ல எங்க குவியுதுன்னு அதுலயே அவ்ளோ வித்தியாசம். அதிகபட்சம் 61 செகண்டுன்னா தூரத்துக்கு 15 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் மேகக் கூட்டத்துல 15 கிலோமீட்டர் திட்டு. 2:11 தாண்டினப்போ மூணு குழாயும் சரியாத்தான் இருந்துச்சு, மேகம் தன் பங்கை முடிச்சுக்கிட்டு விலகிடுச்சு. அதுக்குள்ள விமானம் 38 ஆயிரம் அடி கிட்ட ஏறி வேகத்தை இழந்து ஸ்டால்ல இருந்துச்சு, அதுக்கப்புறம் நடந்தது வேற கதை.

தெரியாத விஷயமா இது

இல்லவே இல்ல, அதுதான் கடுப்பு. 1950கள்ல பிரிஸ்டல் பிரிட்டானியான்னு ஒரு பிரிட்டிஷ் டர்போப்ராப், ஆப்பிரிக்கா மேல இதே பட்டையைத் தாண்டறப்போ ஐஸ் துகளை விழுங்கி எஞ்சின் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சது, கம்பெனி வருஷக்கணக்கா அதோட மல்லுக்கட்டுச்சு. 2006ல எஞ்சின், வானிலை ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க, உயரத்துல ஐஸ் துகளால ஜெட் எஞ்சின் சக்தி இழந்த சம்பவம் நூறைத் தாண்டும்னு. குழாய் விஷயத்துலயும் 447க்கு முன்னாடியே ஏ330, ஏ340 விமானங்கள்ல இதே மாதிரி வேகம் காணாமப் போனது நடந்துட்டு இருந்துச்சு, பிஇஏ 13 சம்பவத்தை எடுத்துப் பார்த்துச்சு, எல்லாமே 34 ஆயிரத்துல இருந்து 39 ஆயிரம் அடிக்குள்ள. அதுல எல்லாம் விமானம் சில நிமிஷத்துல தேறி வந்துடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, அதனாலயே அவசரமா யாரும் எதையும் மாத்தல. விதிகள் என்ன சொன்னதுன்னா, குழாயை உறையாத நீர்த்துளி மேகத்துல டெஸ்ட் பண்ணு, அவ்ளோதான். அமெரிக்காவுல ஐஸ் துகளையும் சேர்த்து புது விதி வந்தது 2014 நவம்பர்ல, நடைமுறைக்கு வந்தது 2015 ஜனவரியில. அதுக்கு முன்னாடியே, விபத்து நடந்த சில மாசத்துல, ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு தாலேஸ் கம்பெனியோட பழைய குழாய்களைக் கழட்டி வேற மாடல் போடச் சொல்லிடுச்சு.

விதி எழுதணும்னா மேகத்துக்குள்ள எவ்ளோ ஐஸ் இருக்குன்னு நம்பர் வேணும், அந்த நம்பரே தகராறா இருந்துச்சு. பழைய கருவிகள் சூடான கம்பியில ஐஸ் மோதி உருகறதை வெச்சு அளந்துச்சு, ஐஸோ மோதிட்டுத் தெறிச்சுடும், கணக்கு கம்மியா வரும். துகளைப் படம் பிடிக்கற கருவியில நேர் எதிர் பிரச்சினை, பெரிய துகள் கருவியோட கைப்பிடியில மோதி நொறுங்கி நூறு பொடியா லென்ஸ் முன்னாடி ஓடும், மேகம் முழுக்க பொடித் துகள்னு பதிவாகும். பல வருஷத்து சிர்ரஸ் (உயரத்துல இருக்கற ஐஸ் மேகம்) டேட்டாவுல இந்த நொறுங்கல் கலந்துதான் இருக்கு. கைப்பிடி முனையைக் கூரா மாத்தி, மென்பொருள்ல வடிகட்டி, ஐஸை அப்படியே உள்ள இழுத்து ஆவியாக்கி எடை பார்க்கற புதுக் கருவி பண்ணி, அதுக்கப்புறம்தான் நம்பகமா அளக்க ஆரம்பிச்சாங்க. 2014 தொடக்கத்துல ஆஸ்திரேலியாவோட டார்வின்ல, 2015 மே மாசம் பிரெஞ்சு கயானாவோட கயேன்ல பிரான்ஸோட ஃபால்கன் 20 விமானத்தை எடுத்துக்கிட்டு வேணும்னே இந்த மேகங்களுக்குள்ள புகுந்து புகுந்து வந்தாங்க, கயேன்ல கனடாவோட கான்வேர் 580ம் சேர்ந்துக்கிச்சு. அதுல கன மீட்டருக்கு 3 கிராமுக்கு மேல ஐஸ் வந்த இடங்கள் இருக்கு, அந்த இடத்துலயே ரேடார் எக்கோ 30 டிபிஇசட்டுக்கு (எக்கோவோட பலத்தை அளக்கற அலகு) கீழ, அதாவது பச்சை. எடையில பெரும்பங்கு அரை மில்லிமீட்டருக்கும் கீழ இருந்த துகள்கள்ல. 447 ராத்திரி லுஃப்தான்சாகாரங்க திரையில பார்த்த பச்சையும் கண்ணாடியில பார்த்த ஊதாவும் ஏன் ஒத்துப்போகலன்னு இந்த நம்பரைப் பார்த்தா புரியும்.

புது விதியில ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் நெருடுது. அதுல குடுத்திருக்கற ஐஸ் அளவு 17.4 கடல் மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு, சராசரி. சின்ன திட்டுக்கு அளவைக் கூட்டிக்கறதுக்கு ஒரு காரணியும் குடுத்திருக்காங்க, அது சரிதான், டார்வின், கயேன் பயணத்தோட முக்கிய வேலைகள்ல ஒண்ணே அந்தக் காரணியோட வளைகோடு நிஜ மேகத்தோட பொருந்துதான்னு பார்க்கறது. ஆனா சராசரின்னு ஒண்ணை வெச்சாலே மேகம் ஏதோ ஒரே மாதிரி பரவின பொருள்ங்கற நினைப்பு டெஸ்ட்டுக்குள்ள வந்து உக்காந்துடுது. ஐஸ் திட்டோட ஓரம் எவ்ளோ கூர்மை, உள்ள போறப்போ ஏறுமா இல்ல அடிக்கற மாதிரி வருமா, மேல இரவுல மேகத்தோட தலை வெப்பத்தை இழந்து குளிர்ந்து கவிழற சின்ன சுழல்கள் துகள்களை எப்படிக் கலக்குது, பக்கத்துக் கோபுரத்துல இருந்து வர்ற அலை திட்டைக் கிழிக்குதா சேர்க்குதா, இதெல்லாம் குழாய்க்கு முக்கியம், ஏன்னா குழாய் அடைக்கறது சராசரியில இல்ல, ஹீட்டர் தோத்துப் போற அந்த இருபது முப்பது செகண்ட்ல.

சாட்டிலைட்டை வெச்சு இந்த மாதிரி இடத்தை முன்கூட்டியே குறிச்சுத் தர்ற முயற்சியும் நடக்குது, அதுவும் மேகத்தோட தலையைத்தான் பார்க்கும், 400 கிலோமீட்டர் கூட்டம்னா 400 கிலோமீட்டரையும் சிவப்படிச்சுக் குடுக்கும். அவ்ளோத்தையும் சுத்திப் போக எந்தக் கம்பெனியும் எரிபொருள் ஏத்தாது. அதனால பைலட்டுகளுக்கு இப்போ சொல்லித் தர்றது ஏர் பிரான்ஸ் 459 அன்னிக்குப் பண்ணதுக்கு ரொம்பப் பக்கத்துல வருது: கெயினைக் கூட்டிப் பாரு, ஆன்டெனாவை சாய்ச்சு அடியைப் பாரு, காத்து வர்ற பக்கமா சுத்து, 10 மைல்ல முடிச்சுக்காத. கண்ணாடியில மழை மாதிரி தெரிஞ்சு வெளி வெப்பமானி திடீர்னு பூஜ்யத்துக்கு ஏறினா அதை நம்பாத, வெப்பமானியே ஐஸால அடைச்சிருக்கு, வெளிய வந்துடு.